ஜன்னல் பக்கம் நாச்சாளுக்கு

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாச்சாள் முதலில் எழுதியிருந்தது இதுதான்: "கார் வேண்டாம். ரயில். காரில் போனால் நீங்கள் ரோட்டைத்தான் பார்ப்பீர்கள். ஜன்னல் பக்கம் எனக்கு."

அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ராமசுப்பிரமணியன் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கிள்ளான் ஸ்டேஷனில் நின்றார். மறுநாள் நாச்சாளுக்கு முதல் திவசம்.

போன வாரம் மகள் கௌசல்யா ஷா ஆலமிலிருந்து போன் செய்திருந்தாள்.

"ப்பா, படையலுக்கு லிஸ்ட் போடணும். அம்மாவுக்கு என்னென்ன பிடிக்கும், சொல்லுங்க."

"என்ன, சாம்பார்... கத்திரிக்காய்ப் பச்சடி... உருளைக்கிழங்கு..."

"அதெல்லாம் உங்களுக்குப் பிடிச்சது லா. அம்மாவுக்கு?"

"உனக்குத் தெரியாதா?" என்று திருப்பிக் கேட்டார்.

"தெரிஞ்சா உங்களை ஏன் கேக்குறேன்? எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சத்தைச் சாப்பிட்டாங்க. இது வேணும்னு ஒரு நாள் கேட்டதில்ல. நீங்க முப்பத்தாறு வருஷம் கூட இருந்தீங்க, யோசிச்சுப் பாருங்க."

யோசித்தார். ஒரு வாரம் யோசித்தும் ஒரு பண்டம்கூட நிச்சயமாக நினைவுக்கு வரவில்லை. நாச்சாள் சாப்பிடும்போது அவர் எப்போதும் கை கழுவிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறகுதான் அலமாரியில் இந்தத் தாள் இருப்பது ஞாபகம் வந்தது.

கிள்ளானை அடுத்த பண்டமாரானில் அவர்கள் வீடு ஒரு சத்திரம் மாதிரி. ராமசுப்பிரமணியனின் அப்பா காலத்திலேயே குடும்பம் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே வந்துவிட்டாலும், ஊர்ச் சொந்தம் விட்டுப்போகவில்லை. வருஷத்துக்கு நாலு முறையாவது யாராவது விமானம் ஏறி வந்துவிடுவார்கள். வந்தவர்களைக் கோலாலம்பூர் சுற்றிக் காட்டுவது அவர் வேலை. துறைமுகத்து ஏஜென்ட் ஆபீஸில் லீவு போட்டுவிட்டு அழைத்துப் போவார். காரில் அவரைத் தவிர நாலு பேர் உட்காரலாம். வருகிறவர்கள் எப்படியும் நாலு பேராக இருப்பார்கள். மூன்று பேர் வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று ஏறிக்கொள்ளும். நாச்சாள் இட்லிப் பாத்திரத்தைக் காரில் வைத்துவிட்டுக் வாசல் கேட் அருகே நிற்பாள்.

"நீயும் வாயேன், ஆச்சி?" என்று வந்தவர்கள் கேட்பார்கள்.

"எனக்கென்ன, பக்கத்துல இருக்கிற ஊரு. என்னைக்கு வேணும்னாலும் போவேன்."

கோலாலம்பூரைப் பார்க்காதவள் இல்லை. கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள், கருமாதிக்குப் போயிருக்கிறாள், தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் பத்துமலை போயிருக்கிறாள். ஆனால் சும்மா, வேடிக்கை பார்க்க, வாங்கித் தின்ன, ஒரு நாளும் போனதில்லை.

சாயங்காலம் திரும்பும்போது அவளுக்கென்று பொட்டலம் வாங்கி வருவார். அதில் அவர் தவறியதே இல்லை. வடையோ, அப்பமோ, என்ன சாப்பிட்டார்களோ அதில் ஒரு பங்கு. எல்லாருக்கும் ராத்திரிச் சாப்பாடு போட்டு முடித்த பிறகு அவள் அதைப் பிரிப்பாள். பிரித்துக்கொண்டே, "எங்க போனீங்க, என்ன சாப்பிட்டீங்க, ஒன்னு விடாம சொல்லுங்க" என்று விருந்தாளிகளிடம் கேட்பாள். கதை கேட்கிற மாதிரி கேட்பாள்.

போன வருஷத்துக்கு முந்தின தீபாவளிக்கு வந்த கடைசி விருந்தாளியை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு அவர் வீடு திரும்பியபோது, அவள் காலண்டர் தாளைக் கிழித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அடுத்த விருந்தாளி நான்தான். நீங்க கைடு."

"கைடுக்கு டிப்ஸ் உண்டா?"

"எப்படிக் காட்டுறீங்கன்னு பார்த்துட்டு."

நாள்கூடக் குறித்தாகிவிட்டது. அது ஒன்றில்லாவிட்டால் ஒன்றாகத் தள்ளிப்போயிற்று. அவருக்குக் காய்ச்சல், பிறகு கௌசல்யாவின் வீடு மாற்றல், பிறகு மழை. கடைசியாகக் குறித்த சனிக்கிழமைக்கு முந்தின செவ்வாயன்று அவள் குளியலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. மூன்று நாள் இருந்தாள்.

இப்போது அவர் மனதில் இருந்த யோசனை எளிமையானது. தாளில் உள்ள தின்பண்டம் அத்தனையையும் வாங்கிவிடுவது. வாங்கியதையெல்லாம் நாளைக்கு இலையில் வைத்துவிடுவது. எல்லாம் அவளே எழுதியது. அதில் ஏதாவது ஒன்று அவளுக்குப் பிடித்ததாக இருக்காதா?

ரயிலில் ஜன்னல் பக்கத்து இடத்தை விட்டுவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தார். அடுத்த ஸ்டேஷனில் ஏறிய மலாய்ப் பெண் ஒருத்தி, "அங்கிள், ஆடா ஓராங்?" என்று கேட்டாள். ஆள் இருக்கிறதா என்கிறாள். அவர் காலை ஒதுக்கிக்கொண்டார். அவள் உட்கார்ந்து கோலாலம்பூர் சென்ட்ரல் வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஜன்னலை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை.

சென்ட்ரலில் இறங்கிப் பிரிக்பீல்ட்ஸ் தெருவுக்கு வந்து தாளைப் பிரித்தார். "சிவா மாப்பிள்ளை சொன்ன வடைக் கடை. சட்னி தனியாகக் கேட்க வேண்டும்." சிவா வந்து போய்ப் பதினைந்து வருஷம் இருக்கும். கடை அங்கேயேதான் இருந்தது. நாலு வடை வாங்கினார், சட்னி தனியாக.

"ரெட்டைக் கோபுரம். கீழே தண்ணீர் ஆடுவதைப் பார்க்க வேண்டும். மேலே போக வேண்டாம், தலை சுற்றும்." கோபுரத்தடியில் வழக்கம் போலக் கூட்டம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் போலிருந்த இளம் தம்பதி ஒன்று போனை நீட்டியது.

"சார், ஒரு போட்டோ ப்ளீஸ். உச்சி வரைக்கும் விழணும்."

உச்சி வரைக்கும் விழ எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு குனிய வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். படியோரம் ஒரு முழங்காலை ஊன்றி, போனைத் தரையோடு வைத்து எடுத்தார்.

"வாவ், செமையா இருக்கு சார்! போட்டோகிராபரா?"

"இல்லப்பா. பழக்கம்."

"நீங்க நில்லுங்க சார், நான் எடுக்கிறேன்."

"எனக்கு எதுக்கு, பரவாயில்ல" என்று கையிலிருந்த வடைப் பையைக் காட்டினார், அதுதான் காரணம் என்பது போல. எத்தனையோ வருஷமாக இந்த இடத்தில் அவர் எடுத்த படங்கள் தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் சுவரில் மாட்டியிருக்கின்றன. ஒன்றில்கூட நாச்சாள் இல்லை. நீரூற்றில் தண்ணீர் ஆடும் நேரம் வரை காத்திருந்து பார்த்தார். அவள் இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தார். அதுவும் தெரியவில்லை.

மஸ்ஜித் இந்தியா தெருவில் "ஊரிலிருந்து வந்த கார்த்திகா சொன்ன செண்டோல். அவள் தன் கல்யாணம் வரைக்கும் அதையே பேசினாள்." ஐஸும் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் பச்சை இழையுமாகக் கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார். வெயிலில் நடந்து ரயில் ஏறுவதற்குள் ஐஸ் கரைந்து அது பால் நிறத் தண்ணீராகிவிட்டது. வடைப் பையில் எண்ணெய் ஊறியிருந்தது. பசித்தது. ஆனால் படையலுக்கு வாங்கியதில் கை வைக்கக் கூடாது.

கடைசியாகப் பிரிக்பீல்ட்ஸுக்கே திரும்பி வந்தபோது மணி ஐந்து. தாளில் மிச்சமிருந்தது ஒரே வரி: "கௌசல்யா மாமியார் ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்ட அப்பம்." எந்தக் கடை என்று எழுதவில்லை. சம்பந்தியம்மாளை அழைத்து வந்தது அவர்தான், ஆனால் கடை மறந்துவிட்டது. நடைபாதையோரம் நாலு சட்டியில் அப்பம் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் போனார். வண்டியில் "மலர் அப்பம்" என்று எழுதியிருந்தது.

"எத்தன, அங்கிள்? இங்க சாப்பிடுறீங்களா, பொங்குஸா?"

"கட்டிக் குடும்மா. அதுக்கு முந்தி ஒன்னு கேக்கணும். நீ இங்க எத்தனை வருஷமா கடை போடுற?"

"இருபது வருஷம். ஏன், டாக்ஸ் ஆபீஸா?"

அவர் சிரித்துவிட்டார். அன்றைக்கு முதல் தரமாக. தாளைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். நாளைக்குத் திவசம் என்பதையும் சொன்னார். மலர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"ரெண்டு தரம் சாப்பிட்டாங்கன்னா என் கடைதான்" என்றாள். பிறகு தாளைத் திருப்பினாள். தேதியும் ராகு காலமும் அச்சடித்த பக்கம். அந்தப் பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை. அச்சடித்த பக்கத்தில் என்ன இருக்கப்போகிறது?

"இதுலயும் எழுதியிருக்காங்களே. பார்க்கலையா?"

"என்னது?"

மலர் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். "'எதையும் பொட்டலம் கட்டக் கூடாது. எல்லாம் சூடாக, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இத்தனை வருஷம் ஆறினதையே தின்றாச்சு.'"

ராமசுப்பிரமணியன் தாளை வாங்கிப் பார்த்தார். ராகு காலத்துக்கும் நல்ல நேரத்துக்கும் நடுவே இருந்த வெள்ளையில், பொடிப்பொடியாக, நாச்சாளின் கையெழுத்து. கையில் தொங்கிய பைகளைப் பார்த்தார். ஊறிப்போன வடை. கரைந்த செண்டோல். இதைத்தான் அவர் நாளைக்கு இலையில் வைக்கவிருந்தார்.

"அப்பத்தை வீட்டுக்குக் கொண்டுபோனா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"அரை மணி நேரம் தாங்காது, அங்கிள். ஓரம் செருப்புத் தோல் மாதிரி ஆயிரும். அதான் நான் எல்லார்கிட்டயும் இங்கேயே சாப்பிடுங்கன்னு சொல்றது. யார் கேக்குறா?"

கிள்ளானுக்கு ஒன்றரை மணி நேரம். பிறகு எல்லாருக்கும் ராத்திரிச் சாப்பாடு. அதற்குப் பிறகுதான் நாச்சாள் பிரிப்பாள். நல்லாயிருக்கு என்று சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தரமும் சொல்லியிருக்கிறாள்.

மலர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க" என்று அதட்டினாள். சட்டியிலிருந்து நேராக ஓர் அப்பத்தை எடுத்து, நடுவில் தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் விட்டு நீட்டினாள். ஓரம் வாயில் நொறுங்கியது. நடுப்பாகம் நாக்கைச் சுட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

"ரெண்டு தரம்னு எழுதியிருக்கு" என்று அவள் இரண்டாவதையும் வைத்தாள். அவர் மறுக்கவில்லை.

அங்கே உட்கார்ந்தபடியே கௌசல்யாவுக்குப் போன் செய்தார்.

"நாளைக்குப் படையலுக்கு அப்பம். இலைக்குப் பக்கத்திலேயே அடுப்பை வச்சுச் சுடணும். சட்டியிலிருந்து நேரா இலைக்கு. ஆறக் கூடாது."

"அம்மாவுக்கு அப்பம் பிடிக்குமா ப்பா?"

"தெரியல. சூடா இருந்தா பிடிச்சிருக்கும்."

"எனக்கு அப்பம் சுட வராது லா" என்றாள் கௌசல்யா.

"நான் சுடுறேன்."

"நீங்களா? நீங்க தண்ணி சுட வச்சே நான் பார்த்ததில்ல ப்பா."

மலருக்கு அது கேட்டுவிட்டது. மாவுப் பானையைத் திறந்து, கெட்டிப் பையில் கரண்டி கரண்டியாக ஊற்றினாள். "மாவைப் பொங்குஸ் பண்ணலாம். அதுக்குத் தாள்ல அம்மா தடை போடல. முடிச்சை இறுக்காதீங்க, பொங்கும். சட்டி நல்லாக் காயணும், ஊத்தினதும் ஒரே சுத்து. முதல் ரெண்டு கெட்டுப்போகும், பயப்படாதீங்க." காசு நீட்டியபோது, "திவசத்துக்கு வாங்க மாட்டேன், போங்க அங்கிள்" என்று விரட்டினாள்.

வடையையும் செண்டோலையும் ஸ்டேஷன் வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டார். போடும்போது மனசு கூசியது. போட்டார்.

திரும்புகிற ரயிலில் கூட்டம் அதிகமில்லை. மாவுப் பையை ஜன்னல் பக்கத்து இருக்கையில் சாயாமல் நிறுத்தி வைத்துவிட்டு அவர் ஓரத்தில் உட்கார்ந்தார். சுங்கை வே தாண்டும்போது, தொழிற்சாலை அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஓர் இளைஞன் வந்து நின்றான்.

"ஆடா ஓராங், அங்கிள்?"

"ஆடா" என்றார்.

இளைஞன் பையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், எதிர்ப்பக்கம் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தான். வெளியே ஷா ஆலம் போய்க்கொண்டிருந்தது. பையில் மாவு மெல்ல எழும்ப ஆரம்பித்திருந்தது. அவர் கையை நீட்டி முடிச்சை இன்னும் கொஞ்சம் தளர்த்தினார்.