இன்று திறந்த நூல்கள்

வாசிப்புக் கூடத்தின் விளக்குகளைப் போட்டுவிட்டு, மூலையிலிருந்த கணினியின் முன் உட்கார்ந்தாள் பிரபா. பல்கலைக்கழகம் வாங்கிவைத்திருந்த மின்நூல்களைத் திறந்து பார்ப்பதுதான் காலையில் அவளுக்கு முதல் வேலை. ஒருமுறை ஒரு பேராசிரியர் தட்டிய புத்தகம் திறக்காமல் போனதில், நூலகர் ஸ்ரீகண்டனை அவர் உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். அன்றிலிருந்து, "ஈ-புக் விக்கற கம்பெனிக்காரன் சொல்றத நம்பாதம்மா. தெனம் நீயே தெறந்து நாலு பக்கம் தள்ளிப் பாரு" என்பது ஸ்ரீகண்டன் போட்ட சட்டம்.

நாலு பக்கத்தோடு நிறுத்த அவளால் முடிவதில்லை. பேச்சுத் துணைக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? மாணவர்கள் கேன்டீனோடு சரி. கூடத்துக்குள் எட்டிப் பார்ப்பவர்களும் போனுக்குச் சார்ஜ் போட வருகிறவர்கள்தான். ஸ்ரீராம்புரத்து வீட்டுக்கு அவள் போய்ச் சேர்வதற்குள் கணவன் ரவிக்குமார் பீன்யா தொழிற்பேட்டைக்கு நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பியிருப்பான். அதனால் காப்பிச் செடியைத் துளைக்கும் வண்டு, கடலுக்குள் துறைமுகம் கட்டும் விதம் என்று கண்டதையும் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை அவனிடம் சொல்வாள். பாதி கேட்பதற்குள் தூங்கிவிடுவான், பாவம்.

ஒருநாள் ஸ்ரீகண்டன் தன் அறையிலிருந்து, கன்னடம் கலந்த தமிழில் கூப்பிட்டார்.

"பிரபா, ஸ்வல்ப வாம்மா." முகமெல்லாம் சிரிப்பு. "வருஷ ரிப்போர்ட் வந்திருக்கு. நம்ம ஈ-புக்ஸ அப்படித் தெறந்து படிச்சிருக்காங்க! அதுவும் காலைல வந்ததும் வராததுமா. பொறுப்பான பசங்கன்னு கமிட்டில ஒரே பாராட்டு."

அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அவர் அடுத்த வார்த்தை பேசும்வரை.

"ஸ்க்ரீன்லயே இவ்ளோ படிக்கிறாங்கன்னா ரீடிங் ரூம் எதுக்குன்னு கேக்கறாங்க. மூடப் போறாங்கம்மா. புக் தெறக்குதான்னு லிங்க் பாக்கற வேலையையும் கம்பெனியே செய்யுமாம். உன் கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. நான் என்ன பண்றது, சொல்லு?"

பிரபா யோசித்துப் பார்த்தாள். காலையில் வந்ததும் வராததுமாக யார் திறக்கிறார்கள்?

"சார், அது பசங்க இல்ல. நான்தான். நீங்க சொன்ன மாதிரி தெனம் தெறந்து பாக்கறேன் இல்ல, அத்தனையும் படிச்ச கணக்குல ஏறியிருக்கு."

ஸ்ரீகண்டன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இத யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. கமிட்டில முடிவு ஆயித்து. இப்பப் போய்ப் பொய்க் கணக்குன்னு சொன்னா என் தலை உருளும். நீயும் வேணும்னே பண்ணேன்னு பேர் வரும். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் நல்லா எழுதித் தரேன். வேற காலேஜ்ல சேந்துக்க."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

அன்று மாலை ரவிக்குமாரைப் போனில் கூப்பிட்டாள். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே, "என்ன, சாப்ட்டியா?" என்று கத்தினான். "ஆச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள். உலை கூட இன்னும் வைக்கவில்லை.

அவளுடைய கடைசி நாளன்றே நூலக வாசலில் விழா வைத்திருந்தார்கள். 'இன்று திறந்த நூல்கள்' என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, எண்ணிக்கையைக் காட்டும் பெரிய திரை ஒன்றை மாட்டியிருந்தார்கள். வந்தவர்கள் உட்கார, வாசிப்புக் கூடத்து நாற்காலிகளை அட்டெண்டர் ஜெயராஜ் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனான். அன்று லிங்க் பார்க்க வேண்டாம் என்று முன்னமே சொல்லியிருந்ததால் பிரபா கணினியைத் தொடவில்லை. சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீகண்டன் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

"வி.சி. வந்துட்டாரும்மா. ஸ்க்ரீன்ல சைபர் நிக்குது. கொஞ்சம் புக்ஸ் தெறந்து விடேன்."

"பசங்க தெறக்கட்டுமே சார்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு கையில் அவளுடைய சான்றிதழ் இருந்தது. "கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. இத முடிச்சுட்டு வா, போட்டுத் தரேன்."

கெஞ்சுகிறாரா மிரட்டுகிறாரா என்று தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

பிரபா உட்கார்ந்தாள். காப்பி வண்டைத் திறந்தாள். துறைமுகத்தைத் திறந்தாள். ஒரு வரி கூட மனதில் ஏறவில்லை. வாசல் பக்கம் கைதட்டல் கேட்டது. நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுமோ என்பதுபோல ஸ்ரீகண்டன், "இன்னும், இன்னும்" என்று சைகை காட்டிவிட்டு வெளியே ஓடினார்.

பின்னால் ஜெயராஜ் வந்து நின்றான்.

"அக்கா, வாசல்ல ஒரு சேர் கொறையுதாம். உன்னுதையும் கேக்கறாங்க."

பிரபா எழுந்து நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள். நின்றபடியே குனிந்து அடுத்த புத்தகத்தைத் திறந்தாள்.