கை நனைக்காதவன்

தூக்குத் தண்டனையை எதிர்த்து ரோட்டில் உட்காருகிறவர்களைக் கைது செய்து, தூக்கு நடக்கிற கல்யாண மண்டபத்திலேயே வைப்பது எங்கள் ஊர் வழக்கம். சாயங்காலம் விட்டுவிடுவார்கள். மதியச் சாப்பாடு உண்டு.

நாங்கள் பன்னிரண்டு பேர். காலை ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாண்டு ரவுண்டானாவில் உட்கார்ந்தோம். 'தணிகாசலத்தைக் கொல்லாதே' என்று அட்டை பிடித்திருந்தோம். எங்களில் யாரும் தணிகாசலத்தைப் பார்த்ததில்லை. பதினேழு வருஷத்துக்கு முன்னால் அவர் தன் மச்சானைக் கொன்றார். அதில் சந்தேகம் கிடையாது. ஒருத்தர் செத்தது போதும், நம் எல்லோர் பெயரிலும் இன்னொருத்தரைக் கொல்ல வேண்டாம். நாங்கள் சொன்னது அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் பாக்கியநாதன் வந்தார்.

"ஏறலாமா சார்?" என்றார்.

ஏறினோம். திமிறக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தோம்.

மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. தெர்மாகோல் எழுத்தில் 'தணிகாசலம்' என்று போர்டு. பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு பெண் போலீஸ் எங்கள் மேல் பன்னீர் தெளித்துவிட்டு நோட்டைத் திறந்தார்.

"பேரு, அப்பா பேரு, தொழில்?"

சொன்னேன். சைக்கிள் கடை.

"தணிகாசலத்துக்கு நீங்க என்ன முறை?"

"ஒண்ணும் இல்லைங்க."

"காலியா விடக் கூடாது சார்." கொஞ்சம் யோசித்து, 'தெரிந்தவர்' என்று எழுதிக்கொண்டார்.

உள்ளே மேடைக்கு மேல் இரும்பு உத்தரம் இருந்தது. எலக்ட்ரீஷியன் அதில் ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டைக்கு மாலை போட்டிருந்தது. அது தணிகாசலத்தின் எடை என்றார்கள்.

"எப்போ தூக்கு?" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டேன்.

"பன்னெண்டு பேர் சாப்ட்டு எந்திரிச்ச உடனே."

"எந்தப் பன்னெண்டு பேர்?"

"யாரா இருந்தா என்ன? சாட்சி பன்னெண்டு வேணும். கை நனைச்சாதான் வந்ததா கணக்கு. உங்களுக்குத் தெரியாததா?"

"போன தடவை யார் வந்தாங்க?"

"போராட்டக்காரங்கதான். வேற யாரு சார் வேலை மெனக்கெட்டு இதுக்கெல்லாம் வர்றாங்க?"

மற்றவர்களை முன்பே பந்திக்கு அனுப்பியிருந்தார்கள். நான் சாப்பாட்டு ஹாலுக்கு ஓடினேன். அது பக்கத்து அறைதான். ஆனால் நடை நீண்டுகொண்டே போனது. சுவரில் 'உணவருந்தும் இடம்' என்று அம்புக்குறி போட்டிருந்தது. நாற்பது அம்புக்குறி வரை எண்ணினேன். அப்பளம் பொரிக்கிற வாசனை மட்டும் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

போய்ச் சேர்ந்தபோது பதினோரு பேரும் பாயசத்துக்கு வந்திருந்தார்கள்.

"சாப்பிடாதீங்க!" என்று கத்தினேன். விஷயத்தைச் சொன்னேன்.

ரெஜினா டீச்சர் கையை அப்படியே நிறுத்தினார். ரிட்டையர் ஆன பிறகு எங்களையெல்லாம் சேர்த்தவர் அவர்தான். "சுகர் மாத்திரை போட்டுட்டேன் சார். சாப்பிடலைன்னா மயக்கம் வரும்," என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

டெய்லர் மஸ்தான் பாய் வாயில் இருந்ததை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் என்னைப் பார்த்தார். பிறகு முழுங்கினார். "இதை மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணே? ரெண்டாவது தடவை பாயசம் வேற வாங்கிட்டேன்."

பரிமாறுகிறவர் வந்து, "மோர் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டார். எல்லோரும் அழுதுகொண்டே கையைக் குழித்தார்கள்.

பாக்கி நான் ஒருத்தன்.

"சாருக்கு இலை போடு," என்றார் இன்ஸ்பெக்டர்.

உட்கார்ந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சோறு வைத்தார்கள். சாம்பார் ஊற்றினார்கள். நான் தொடவில்லை. மறுபடி வைத்தார்கள். இலை நீண்டு இடம் கொடுத்தது. ஜன்னலில் வெயில் பதினோரு மணிக்கு இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. யாரும் அவசரப்படவில்லை. சமையல்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"உப்பு கம்மியா இருக்குங்களா?"

"இல்லைங்க. நல்லாத்தான் இருக்கும்."

இன்ஸ்பெக்டர் ஒரு படிவம் எடுத்து வந்தார். சாப்பிடாததற்குக் காரணம். விரதம், வயிற்று வலி, சம்பந்தியோடு மனஸ்தாபம் என்று மூன்று கட்டங்கள்.

"ஒரு மனுஷனைக் கொல்றதுக்கு நான் சாட்சியா இருக்க மாட்டேன். அப்படி எழுதுங்க."

"அதுக்குக் கட்டம் இல்லையே சார். வயித்து வலின்னு போட்டுக்கவா?"

"போடாதீங்க. எனக்கு வயித்து வலி இல்ல."

அவர் பேனாவை மூடிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். நான் ஜெயிக்கிறேன் என்று தோன்றியது. நான் சும்மா உட்கார்ந்திருக்கிற வரைக்கும் ஒரு ஆள் உயிரோடு இருப்பார். இதைவிடச் சுலபமான வேலை நான் செய்ததில்லை.

அப்போது தணிகாசலம் வந்தார். புது வேட்டி. விலைச்சீட்டு இன்னும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தார். இலை இலையாக நின்று, "எல்லாரும் சாப்ட்டீங்களா? வயிறு நெறஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் இலைக்கு முன்னால் நின்றார்.

"என்ன சார், ஒண்ணுமே தொடலியே?"

சொன்னேன். நான் சாப்பிடாதவரை உங்களைத் தூக்கில் போட முடியாது என்றேன்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எவ்ளோ நாள் சார் தாங்குவீங்க?"

"தெரியாது. எந்திரிக்க மாட்டேன்."

"எனக்குச் சாக இஷ்டமில்ல சார். வெளிய சொன்னா சிரிப்பாங்க. மச்சானைக் கொன்னுட்டு இவனுக்கு என்ன ஆசைன்னு. ஆனா இஷ்டமில்ல."

"யாரும் சிரிக்க மாட்டாங்க."

"நீங்க பட்டினியா உக்காந்திருக்கறதைப் பாத்தாலும் எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"நீங்க எப்போ சாப்ட்டீங்க?" என்று கேட்டேன்.

"நேத்து காலைல. அப்புறம் எறங்கல. இப்போ உங்ககூடப் பேசினதும்தான் பசிக்குது."

பசிக்கிற ஆள் பக்கத்தில் இருக்க, நிறைந்த இலையை முன்னால் வைத்துக்கொண்டு எப்படி உட்காருவது? இலையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எச்சில் படல. சாப்பிடுங்க."

சாப்பிட்டார். நன்றாகச் சாப்பிட்டார். கூட்டை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். சிரித்தார். தண்ணீர் குடித்துவிட்டு இலையைத் தன் பக்கமாக மடித்தார்.

இன்ஸ்பெக்டர் நோட்டில் ஒரு கோடு போட்டார்.

"பன்னெண்டு," என்றார்.

"அவரே எப்படிச் சாட்சி ஆவாரு?" என்று கேட்டேன்.

"கை நனைச்சிருக்காருல்ல?"

"அவரைத்தானே தூக்குல போடறீங்க?"

"அப்போ கண்டிப்பா வந்துடுவாரு சார். நீங்க வராதவங்க லிஸ்ட். வீட்டுக்குப் போகலாம். ரொம்ப நன்றி."

தணிகாசலம் கை கழுவிவிட்டு வந்தார். கையைத் துடைத்துப் பின்னால் கட்டினார்கள். பதினோரு பேரையும் முன் வரிசை நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். அவர்கள் எழுந்தார்கள். நாற்காலியும் கூடவே எழுந்தது. ரெஜினா டீச்சர் உட்கார்ந்தபடியே கோஷம் போட்டார். ஒருத்தர் ஓடிப்போய் அவர் முன்னால் மைக் வைத்தார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. மேடைப் படியில் குறுக்கே படுத்தேன். என்னைத் தாண்டாமல் யாரும் ஏற முடியாது.

யாரும் என்னைத் திட்டவில்லை. தூக்கிப் போடவில்லை. ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். எலக்ட்ரீஷியன் கால் என் தோளில் பட்டது. குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாவை உறுதி செய்ய வந்திருந்த டாக்டர் கால் பட்டது. அவரும் ஒற்றிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தாண்டினார்.

கடைசியில் தணிகாசலம் வந்தார். அவர் கால் என் நெஞ்சில் பட்டது. பதறி நின்றார்.

"அய்யய்யோ, மிதிச்சுட்டேன். கை கட்டியிருக்கு சார். எனக்காக நீங்களே தொட்டு ஒத்திக்குங்க."

நான் ஒற்றிக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் அவர் கணுக்காலைப் பிடித்தேன்.

"விடுங்க சார். எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

"விட மாட்டேன்."

"சரி, பிடிச்சுக்குங்க."

கணுக்கால் சூடாக இருந்தது. விரலுக்கு அடியில் நாடி அடித்தது. நான் இன்னும் இறுக்கினேன். விடவே இல்லை.

கால் என் கையிலேயே இருக்க, என் தலைக்கு மேலே அவர் படி ஏறுகிற சத்தம் கேட்டது.