ஆறாத எஞ்சினுக்கு ஒரு மதிப்பீடு

டிரைவர் இறந்து இருபத்தாறு வருடமாகியும் அவருடைய பழைய காரின் எஞ்சின் சூடு ஆறவில்லை. காரின் உடம்பு துருப்பிடித்து உதிர்ந்துவிட, எஞ்சின் மட்டும் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில், மரச்சட்டத்தின் மேல், இப்போதுதான் நெடுந்தூரம் ஓடி வந்ததுபோலத் தகித்துக்கொண்டிருந்தது. மழை நாட்களில் டிரைவர் சம்சாரம் அதன்மேல்தான் துணி உலர்த்துவாள். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் துணிக்கும் கொஞ்சம் இடம் தரவில்லையே என்று பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் மனத்தாங்கல்.

கொட்டகை நின்ற இடத்தை விற்பது என்று முடிவானபோது வந்தது வினை. கொழுந்தன் எஞ்சினை எடைக்குப் போட லாரிக்குச் சொல்லிவிட்டான். "வெறும் இரும்புதானே அண்ணி, வெள்ளிக்கிழமை தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றான். "இது மறுபடியும் ரோட்டுல ஓடணும்னு உங்கண்ணன் கடைசி மூச்சுலயும் சொன்னாரு. உடைக்க விடமாட்டேன்" என்றாள் அவள். பழைய கார்கள் சேகரிக்கும் ஒருவர் வாங்கத் தயார்தான். ஆனால் மதிப்பீட்டுச் சான்று இல்லாமல் அந்த மனிதர் பைசா பேசமாட்டார்.

சான்று தருபவர் ஊரிலேயே ஒரு பெண்மணிதான். அளவில் அரைநூல்கூட விட்டுக்கொடுக்காததால் அவருக்கு அரைநூலம்மா என்றே பேர். பிஸ்டனோ வால்வோ, மைக்ரோமீட்டரால் தேய்மானம் அளந்துதான் விலை எழுதுவார். அதுவும் ஆறிய பிறகுதான். சூட்டில் இரும்பு பெருத்து அளவு பொய் சொல்லும். திங்களன்று வந்து தொட்டுப் பார்த்தவர், "ஆறட்டும், அப்புறம் வரேன்" என்று கிளம்பினார். செவ்வாயன்று பனிக்கட்டி வைத்தார்கள். நல்ல வெந்நீர் கிடைத்தது. புதனன்று துணியைச் சுற்றிப் பிடித்துக் கழற்றிப் போட்டார்கள். நாற்பத்தொரு பாகமும் தனித்தனியாகத் தகித்தன. கொழுந்தன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

அன்று மாலை மறுபடி வந்து தொட்டுப் பார்த்த அரைநூலம்மா பையை மூடினார். டிரைவர் சம்சாரம் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "அது இறங்கி வராதும்மா. நீங்கதான் ஏறிப் போகணும். உங்க கருவியையும் அதே அளவு சூடாக்குங்க!"

முப்பது வருடத் தொழிலில் அரைநூலம்மா மூடின பையை மறுபடி திறந்தது அன்றுதான். அட, சரிதானே! அளக்கிற இரும்பும் அளக்கப்படுகிற இரும்பும் ஒன்றாகவே பெருத்தால் கணக்கு எப்படிப் பிசகும்? மைக்ரோமீட்டரை அந்தப் பாகங்களுக்கு நடுவே வைத்துவிட்டு வியாழன் மதியம்வரை காத்திருந்தார். கையுறை போட்டால் விரலுக்கு நுணுக்கம் தெரியாது என்று வெறுங்கையால் பிடித்தார். விரலெல்லாம் கொப்புளம். "எழுதிக்கம்மா" என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, டிரைவர் சம்சாரம் எழுதினாள். ஒரு பாகத்திலும் தேய்மானம் இல்லை.

வெள்ளியன்று லாரியும் வாங்குபவரும் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். சான்றில் இருந்த விலையைக் கொழுந்தன் இரண்டு தடவை படித்துவிட்டு, லாரிக்காரரைத் தானே திருப்பி அனுப்பினான். வாங்குபவர் கடைசி வரிவரை நிதானமாகப் படித்தார். 'குறிப்பு: சூடாக இருக்கும்' என்று அதில் எழுதியிருந்தது. "ஓடவிடுவீங்கதானே?" என்று கேட்டாள் அவள். "அதுக்குத்தானே வாங்கறேன். பிடிச்சுத் தூக்க ஈரச்சாக்கு இருக்குமா?" என்றார் அவர். டிரைவர் சம்சாரம் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அழுதுகொண்டே சாக்குகளை நனைக்க ஓடினாள்.