நீர்நாய் பார்க்கப் போன வெல்லக் கொப்பரை

ஞானசிகாமணி ஆற்றில் பார்த்த நீர்நாய் முதலில் பூனை அளவுதான் இருந்தது. கம்பத்து டீக்கடையில் ஒரு மாதம் புழங்கியதில் அது கன்றுக்குட்டியாகி, மீசையும் வைத்துக்கொண்டது. மின்வாரியத்தில் முப்பத்தாறு வருடம் ஃபியூஸ் போட்டு ஓய்வு பெற்ற மனிதர் வேறு எதைத்தான் வளர்ப்பார்? நடுவில் மூன்று நாள் டீக்கடை லீவு. அந்த மூன்று நாளும் பேச்சு வீட்டுக்கு மாறியதில், நீர்நாய் அவர் மனைவி ஜெபஷீலாவின் அடுப்படிக்கே வந்து ஆறு குட்டி போட்டது.

ஜெபஷீலாவின் தம்பி ஜஸ்டினுக்குப் பொறுக்கவில்லை.

"மச்சான், அந்தக் கன்னுக்குட்டிய ஒருக்காக் காட்டுங்க. காட்டலேன்னா ஒரு வருசம் இந்தக் கடையில வாயத் தொறக்கப்படாது. டீ குடிக்க மட்டும் தொறக்கலாம்."

"சரிடா மாப்ள. சாட்சிக்கு ஒங்க அக்காவே வரட்டும்."

ஜெபஷீலா பொய் சொல்லாதவள். கல்யாண விருந்தில் சாம்பாருக்கு உப்பு கூடிவிட்டால் பெண்ணைப் பெற்றவரிடமே போய்ச் சொல்லிவிட்டு வருவாள். ஆகவே இருவருக்கும் சம்மதம்.

படகுக்கு எங்கே போவது? கரும்புத் தோட்டக்கார வேல்பாண்டி வெல்லம் காய்ச்சுகிற இரும்புக் கொப்பரையைக் கொடுத்தார். அதில் ஒரு பந்தி உட்கார்ந்து சாப்பிடலாம், பாயசத்துக்கும் இடம் இருக்கும். பாகு கிண்டுகிற மரத்துடுப்பும் கூடவே வந்தது. உள்ளேயும் வெளியேயும் பழைய பாகு அப்பிக் கிடந்தது.

"கழுவலையா?" என்றாள் ஜெபஷீலா.

"ஆத்துல எறக்கப் போறோம், இதுக்கு மேல என்னத்தக் கழுவ?" என்றார் ஞானசிகாமணி.

மலையடிவார ஊற்றில் பிறந்து வருகிற ஆறு. அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணி ஆளுக்கொரு ரேஷன் கார்டு கொடுத்துவிடலாம், அவ்வளவு தெளிவு. ஆனால் கொப்பரைக்கு ஏது முன்னும் பின்னும்? ஒரு தரம் துடுப்புப் போட்டால் மூன்று சுற்றுச் சுற்றியது.

"அந்தா பாரு, இருவாச்சிப் பறவ!" என்றார் ஞானசிகாமணி.

"எங்கன?" என்று ஜெபஷீலா திரும்புவதற்குள் எதிரே தென்னந்தோப்பு.

வெயில் ஏறியது. இரும்பு சுட்டது. பாகு இளகி மூன்று பேரையும் கொப்பரையோடு ஒட்டிப்போட்டது. வாசம் மலையுச்சி வரை போயிருக்க வேண்டும். கரையில் குரங்குகள் கூடவே ஓடிவந்தன. தண்ணீருக்குள் மீன்கள் கூட்டங்கூட்டமாகக் கொப்பரையின் அடியை நக்கின. அப்புறம் தேனீக்கள் வந்தன. தேனி மாவட்டத்துத் தேனீக்கள் மொத்தமும் ஒருத்தர் விடாமல் வந்தன.

"ஏலே, தலைய மூடு!"

மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே துண்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்கள். ஜெபஷீலா முந்தானையால் முகத்தை மூடி, சேலை வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென மீன்கள் சிதறின. நீரிலிருந்து ஒரு வட்டத் தலை எழுந்தது. பூனை அளவு. வாயில் ஒரு மீன். அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு முங்கிப்போனது. கத்தலாம் என்றால் வாய்க்குள் தேனீ போய்விடும்.

கரை ஒதுங்கியதும் ஜஸ்டின் வீங்கிய உதட்டோடு சிரித்தான்.

"கன்னுக்குட்டியக் காணோமே, மச்சான்!"

ஞானசிகாமணி இன்றைக்கே பழகிக்கொள்வதுபோல வாயை இறுக்கி மூடியிருந்தார். ஜெபஷீலா அந்த வாயைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். மூன்று நாளைக்கு ஆறு குட்டி. ஒரு வருடம் டீக்கடையில் மூடிய வாய் எங்கே போய்த் திறக்கும்? அவள் அடுப்படியில்தான்.

"நான் பாத்தேன்டா," என்றாள்.

"பூனை கீனையப் பாத்திருப்ப. அப்படீன்னா மச்சான் தோத்தாருதான்."

உண்மை தொண்டை வரை வந்தது. அதை விழுங்கினாள்.

"பூனையா? எருமக்கன்னு மாதிரி! மீசையில எலுமிச்சம்பழத்த நிப்பாட்டலாம். ஒன்னைய மொறச்சுச்சு பாரு, நீ துண்டுக்குள்ள கெடந்த."

அக்கா சொன்னால் அப்பீல் கிடையாது. ஜஸ்டின் துடுப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தான். ஞானசிகாமணிதான் மனைவியைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"சீலா, எருமக்கன்னு சரி," என்றார் மெதுவாக. "மீசைய மட்டும் கொஞ்சம் கொறச்சுக்க. கடையில நம்ப மாட்டாக."