இளவரசியின் பத்துத் தடைகள்

டெல்லி ஸ்டேடியத்தில் பெண்கள் நூறு மீட்டர் தடை ஓட்ட இறுதிப்போட்டி தொடங்கவிருந்தது. "யார் ஜெயிப்பா?" என்று கேட்டான் ஆரோன். நர்ஸாக இருக்கும் அவன் மனைவி ஜெனிஃபர், கல்லூரி நாட்களில் தடை ஓட்டக்காரி.

"ஹரியானா பொண்ணு ரொம்ப வேகம். கேரளாக்காரிக்கு ஸ்டார்ட் அருமை. ஆனா நான் இளவரசியைத்தான் சொல்லுவேன். குழந்தை பெத்துட்டு மறுபடி வந்திருக்கா. காலேஜ்ல நாலு வருஷம் அவகிட்ட தோத்திருக்கேன். ஒரு தடையிலகூட அவ கால் பட்டதில்லைங்க."

துப்பாக்கி வெடித்தது. ஹரியானா பெண் முதலில் வந்தாள். இளவரசி நூலிழையில் இரண்டாவது.

"அட, உன் கணக்கு தப்பிடுச்சே," என்றான் ஆரோன்.

"தப்பட்டும். பத்துத் தடையையும் எப்படித் தாண்டினா, பாத்தீங்களா?"

ஜெனிஃபர் கம்பி வேலியோரம் இறங்கிப்போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இளவரசி நிமிர்ந்து பார்த்து, அடையாளம் தெரிந்ததும் சிரித்தபடி ஓடி வந்தாள்.