கறுப்பை இரண்டு படி இறக்கினேன்

என் அண்ணன் எசென்பெக் லாரி ஓட்டுகிறவர். எங்கள் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து தெற்கே ஓஷுக்கு, தோ-அஷூ மலைக் கணவாய் வழியாக, பெரும்பாலும் இரவில். ஒரு மாதமாக இரவு லோடு எதையும் ஏற்கவில்லை. கண் மங்குகிறதாம். டாக்டரிடம் போனால் லைசென்ஸ் போய்விடும் என்று அங்கேயும் போகவில்லை.

“இருட்டுலதான் தெரிய மாட்டேங்குது, பெகைம். டிவி விளையாட்டுல குகைக்குள்ள போனா எல்லாமே ஒரே கறுப்பு. எதிரி மூக்குக்கு முன்னாடி நிக்கிறான், நான் சுவரைச் சுட்டுட்டிருக்கேன். கூட விளையாடுற பசங்க மைக்குல சிரிக்கிறானுங்க, ‘கெழட்டு ஆடே, கண்ணாடி வாங்கு’ன்னு.”

ஞாயிறு மதியம் அவர் வீட்டில் அண்ணன் இதைச் சொன்னார். நான் டிவி கடையில் வேலை பார்க்கிறேன். போன மாதம் அவர் வீட்டு டிவியில் கை வைத்தது நான்தான்.

எச்.டி.ஆர். என்ற புதுவகைப் படத்தில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே நிறையப் படிகள் உண்டு. அவற்றில் எத்தனையை இந்த டிவி காட்டும் என்பது டிவியோடு இணைத்த விளையாட்டுப் பெட்டிக்குத் தெரியாது. அதனால் அது ஒரு மங்கலான சின்னத்தைக் காட்டி, கண்ணுக்கு மறையும் இடத்தில் நிறுத்தச் சொல்கிறது. அதுதான் அளவெடுப்பது. பிறகு டிவியில் எதை மாற்றினாலும் மறுபடி அளவெடுக்க வேண்டும். வாடிக்கையாளர்களிடம் தினமும் இதைச் சொல்கிறேன். அன்று மட்டும், படம் பளிச்சென்று இருக்கட்டும் என்று கறுப்பு அளவை இரண்டு படி இறக்கிவிட்டு, அளவெடுக்காமல் எழுந்துவிட்டேன். “பாத்தீங்களா, மை மாதிரி கறுப்பு!” என்று பெருமை வேறு. இருட்டின் அடிப்படிகள் எல்லாம் ஒன்றாகிவிட்டன. செய்தி பார்க்கும்போது வித்தியாசம் எதுவும் தெரியாது, எச்.டி.ஆருக்கான அளவுகளை டிவி தனியாக வைத்துக்கொள்ளும்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சமையலறைக்குப் போனேன். சைக்கால் அண்ணி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“சொல்லக் கூடாதுதான். ஆனா அவரு ராத்திரி வீட்ல இருக்காரு, பெகைம். கணவாய்ல பனி கொட்டும்போது போன் அடிச்சாலே எனக்கு உசுரு போயிரும். இந்த மாசம்தான் நான் தூங்குறேன்.”

நான் தண்ணீர் குடித்தேன். இன்னொரு தம்ளரும் குடித்தேன்.

திரும்பி வந்தபோது அண்ணன் விளையாடவில்லை. தரையில் படம் வரைந்துகொண்டிருந்த மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணா?”

“ஒண்ணுமில்ல. தெரியறப்பவே நல்லாப் பாத்து வச்சுக்கறேன்.”

ரிமோட்டை எடுத்தேன். கறுப்பு அளவைப் பழைய இடத்துக்கு ஏற்றினேன். திரைச்சீலையை மூடி, சின்னம் மறையும்வரை பொறுமையாக அளவெடுத்தேன். “குகைக்குள்ள போங்க,” என்றேன்.

போனார். பாறைக்குப் பின்னால் ஒருவன் குந்தியிருந்தது எனக்கே தெரிந்தது. அண்ணன் ஒரே குண்டில் அவனை வீழ்த்தினார்.

“அண்ணா, உங்க கண்ணுல கோளாறு இல்ல. நான் செஞ்ச கோளாறு.” எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் விளையாட்டை நிறுத்தினார்.

“ஒரு மாசம், கழுதை. ஒரு மாசம் நான் குருடனா வாழப் பழகிட்டிருந்தேன்.”

“இருந்தாலும் டாக்டரைப் பாத்துருங்கண்ணா. டிவி சரியானதால கண்ணு நல்லாருக்குன்னு ஆயிடாது. பாத்துட்டு ராத்திரி வண்டி எடுங்க.”

“உன்னாலதான் இந்த மாசம் போச்சு,” என்றார். சிரித்தார். முதலாளிக்குப் போன் போட்டார். “இன்னைக்கு லோடு இருக்கா? நான் எடுக்கறேன்.”

சமையலறை வாசலில், கையெல்லாம் மாவோடு அண்ணி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

வீட்டிலிருந்து கிளம்பும் யாரையும் ஒரு துண்டு ரொட்டியாவது சாப்பிட வைக்காமல் எங்கள் வீடுகளில் அனுப்ப மாட்டார்கள். நான் மெதுவாக, மிக மெதுவாக பூட்ஸ் மாட்டினேன். ரொட்டி மேசையிலேயே இருந்தது. அண்ணி கூப்பிடவில்லை.