காவிரியில் குத்திய குண்டூசி

கமருன்னிசா வீட்டில் திருடன் புகுந்தபோது அவள் தெருக்குழாயில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். நாலு குடம் தண்ணீர் பிடித்துத் திரும்புவதற்குள், குவைத்திலிருந்து வந்த டேப் ரெக்கார்டரைக் காணோம். அது போனால் போகிறது. உள்ளே ஒரு கேசட் இருந்தது. அதற்காகத்தான் அவள் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

அவள் கணவன் நஜிமுதீன் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. பேச வேண்டியதையெல்லாம் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவான். இந்த முறை வந்ததில் முதல் பக்கம் முழுக்க வெயில், மெஸ் சாப்பாடு, முதலாளியின் கோபம். பக்கம் முடிகிற நேரத்தில், “எப்ப வர்றேன்னு மறுபக்கத்துல சொல்றேன் கமரு” என்று நிறுத்தியிருந்தான். மூன்று வருஷமாக வராத மனிதன். அவள் கேசட்டைத் திருப்பிப் போட்டாள். பொத்தானை அழுத்துவதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டில் குரல் கொடுத்தார்கள்.

தென்கரை போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு இருதயநாதன் அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். பேனாவை மட்டும் எடுக்கவில்லை. சுவரைப் பார்த்தார். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு மேப் தொங்கியது. மேலே ஸ்ரீரங்கம், கீழே திருச்சி, நடுவே நீலமாகக் காவிரி. சிவப்புத் தலைக் குண்டூசிகள் குத்தியிருந்தார்கள்.

புது டி.எஸ்.பி. தைரியராஜ் வடக்கே எங்கோ மூன்று வாரம் பயிற்சிக்குப் போய்வந்து செய்த ஏற்பாடு அது. திருட்டு நடந்த இடத்தில் ஓர் ஊசி. ஊசி எங்கே மொய்க்கிறதோ அங்கே ரோந்து. நல்ல யோசனைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். எந்த ஸ்டேஷன் எல்லையில் ஊசி அதிகமோ அந்த ஸ்டேஷனுக்கு மெமோ என்றும் சொல்லிவிட்டார்.

“ஏம்மா, வீட்டுல நல்லாத் தேடிப் பாத்தீங்களா? பரண்ல, கிரண்ல?”

“டேப் ரெக்கார்டர் தானா பரண் ஏறுமா ஏட்டையா?”

“எங்கயாவது மறதியா வச்சிருப்பீங்க.”

“பூட்டை உடைச்சதும் நான் மறதியாத்தானா?”

அவள் பெஞ்சில் உட்கார்ந்தவள் மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கடைசியில் இருதயநாதன் பெருமூச்சு விட்டுப் புகாரை எழுதிக்கொண்டார். டப்பாவிலிருந்து ஓர் ஊசியை எடுத்தார். அவள் சந்தில் குத்தாமல், ஒரு விரற்கடை மேலே தள்ளி நீலத்தில் குத்தினார்.

“எங்க வீடு ஆத்துக்குள்ளயாங்க இருக்கு?”

“மேப்புல கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்மா. அதெல்லாம் கண்டுக்கக் கூடாது.”

தண்ணீரில் நிற்கிற ஊசி எந்த ஸ்டேஷன் கணக்கிலும் சேராது. ஸ்ரீரங்கம் பக்கத்து வடகரை ஸ்டேஷன் ஏட்டும் வாரம் ஒருமுறை வந்து, தம் பங்கு ஊசிகளைக் கீழே தள்ளி அதே தண்ணீரில் இறக்கிவிட்டுப் போவார். இருவரும் கூடிப் பேசிச் செய்ததில்லை. முப்பது வருஷ சர்வீஸ் அப்படி.

அடுத்த வாரம் மேப்பைப் பார்க்க வந்த டி.எஸ்.பி. அசந்து நின்றார். இரண்டு கரையும் துடைத்துவிட்டாற்போல் சுத்தம். காவிரியில் மட்டும் இருபத்து மூன்று திருட்டு.

“பாத்தீங்களா இருதயநாதன்? இத்தனை வருஷமா நாம தெருத்தெருவாச் சுத்தியிருக்கோம். அவனுங்க ஆத்துல இருந்திருக்கானுங்க.”

“ஆமாங்கய்யா” என்றார் இருதயநாதன். வேறென்ன சொல்ல முடியும்?

மறுநாளே தெரு ரோந்து நின்றது. இரண்டு பரிசல்கள் ஆற்றில் இறங்கின. ஆடி மாச வெள்ளம். போலீஸ்காரர்கள் நாலு பேரில் நீச்சல் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு பரிசல் சுழலில் மாட்டிப் பம்பரமாய்ச் சுற்றியது. லத்தி ஒரு பக்கம் போயிற்று, தொப்பி ஒரு பக்கம் போயிற்று. இன்னொரு பரிசலில் அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவன், பாவம், இரக்கப்பட்டான். கயிறு வீசி இழுத்து அவர்களைக் கரை சேர்த்தான். தரையில் கால் பட்ட பிறகுதான், அவன் பரிசலில் குவைத் டேப் ரெக்கார்டர் இருப்பது அவர்கள் கண்ணில் பட்டது. நன்றி சொல்லிவிட்டுக் கைது செய்தார்கள். விஞ்ஞான முறையில் ஆற்றுத் திருடன் பிடிபட்டதாகப் பேப்பரில் வந்தது.

வியாழக்கிழமை காலையில் கமருன்னிசாவை அழைக்க ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினாள். மத்தியானம் வரை உட்காரவைத்துவிட்டு, இருதயநாதன் ஒரு வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். அவள் காவிரி நடுவில் டேப் ரெக்கார்டர் கேட்டுக்கொண்டிருந்தபோது திருடன் பறித்துக்கொண்டு போனான் என்றிருந்தது.

“நான் எதுக்குங்க ஆத்து நடுவுல உக்காந்து கேசட் கேக்கணும்?”

“காத்து வாங்கப் போனதா எழுதியிருக்கேன்.”

“எனக்கு நீச்சலே தெரியாது.”

“எங்க ஆளுகளுக்கும்தான் தெரியாது. போகலையா? இங்க பாருங்கம்மா. ஊசி ஆத்துல. ஆளைப் புடிச்சது ஆத்துல. டி.எஸ்.பி. ஐயா பேரு பேப்பர்ல. நீங்க மட்டும் வீட்டுலன்னு சொன்னா, இது வேற யார் கேசட்டோன்னு ஆயிடும்.”

கமருன்னிசா மேஜை மேல் டேப் ரெக்கார்டர் பக்கத்தில் இருந்த கேசட்டைப் பார்த்தாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

“டேப் ரெக்கார்டர் கோர்ட்டுக்குப் போகும். கேசட்டை எடுத்துக்குங்க.”

“வீட்டுல எதுல போட்டுக் கேப்பேன்? இதுலயே மறுபக்கத்தை ஒரு தடவை போடுங்க ஏட்டையா.”

ஏட்டு கேசட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினார். ஸ்டேஷனே வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது. கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு நஜிமுதீன் பேசினான்.

“கமரு, இந்த பக்ரீத் உன்னோடதான். பம்பாய்ல இறங்கி ரயில் புடிச்சு, ஆகஸ்ட் பதினாறு வியாழக்கிழமை மத்தியானம் வந்துடுவேன். நீ எங்கயும் அலைய வேணாம். வீட்டுல இரு, அது போதும்.”

எல்லோரும் ஒன்றாகத் திரும்பிக் காலண்டரைப் பார்த்தார்கள். பதினாறு. மணி மூன்று. கமருன்னிசா கேசட்டை உருவிக்கொண்டு படியிறங்கினாள்.

வீட்டு வாசலில் பூட்டுக்கு எதிரே நஜிமுதீன் நின்றான். தலையில் நரை விழுந்திருந்தது. பக்கத்தில் இரண்டு பெட்டிகள்.

“மூணு பெட்டி கொண்டாந்தேன் கமரு. பூட்டியிருந்துச்சேன்னு பக்கத்து வீட்டுல தண்ணி கேக்கப் போனேன். வர்றதுக்குள்ள ஒண்ணைக் காணோம். பட்டப்பகல்ல! இந்தத் தெருவுல போலீசே கிடையாதா?”

“இருக்காங்க மச்சான். ஆத்துல.”

“ஆத்துல என்ன பண்றாங்க? வா, ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் குடுப்போம்.”

கமருன்னிசா பூட்டைத் திறந்து, ஒரு பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

“முதல்ல வந்து சோறு தின்னுங்க. நீங்க வந்துட்டீங்க, எனக்கு அது போதும். பெட்டி வேணும்னா, நீங்க நீச்சல் கத்துக்கணும்.”